தம்பி பையில் புது சிரிஞ்ச் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்

சென்னைப் புறநகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 29, ஜவுளிக்கடையில் வேலை. அப்பா இல்லை. அம்மா காலையில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். தம்பிக்கு 22 வயது. டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு உணவு டெலிவரிக்குப் போகிறார். ஒன்றரை வருடமாக நண்பர்களோடு சேர்ந்து வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார் என்பது வீட்டுக்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் தெரியும். சமீபத்தில் அந்தச் செட்டில் ஒரு பையன் கையில் சீழ்க்கட்டியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்திருக்கிறது. அந்தப் பையனின் அம்மா இவரிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்.

தம்பி மறுநாளே ஒரு தனியார் லேப்பில் ரத்தம் கொடுத்து, 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். "என் சிரிஞ்ச் எனக்கு, அடுத்தவனோடதைத் தொடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்கிறார். பெண் சகவாசமும் கிடையாது, அப்புறம் எப்படி வரும் என்று கேட்கிறார் சகோதரி. ஆனாலும் மனம் ஆறவில்லை. காய்ச்சலுக்கு டெஸ்ட் என்று சொல்லி அவருக்குத் தெரியாமல் மறுபடி சோதிக்கலாமா? தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா? பையில் ஒரு கட்டு புது சிரிஞ்ச் இருந்தது, தெருக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன், சரிதானே? மாமா ஒரு மறுவாழ்வு மையத்தைச் சொல்கிறார், ராத்திரியில் வண்டி அனுப்பித் தூக்கிப் போய் ஆறு மாதம் வைத்துக்கொள்வார்களாம், அனுப்பலாமா? அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமா? அம்மாவோ, மாமா பெண்ணைக் கட்டிவைத்தால் திருந்திவிடுவான் என்கிறார். கடைசியாக ஒரே ஒரு வரி: பையைச் சுத்தம் செய்தபோது ஓர் ஊசி தன் விரலில் குத்தி ஒன்பது நாள் ஆகிவிட்டது.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட, தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்றுதான். உங்கள் தம்பிக்குத் தொற்று உறுதியாகாத நிலையில் அது இன்னும் குறைவு. பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். ஊசி குத்தியதும் தொடங்க வேண்டிய தடுப்பு மருந்து ஒன்று உண்டு. முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். அந்தக் காலக்கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. இப்போது செய்ய வேண்டியது பரிசோதனைதான். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போய் இப்போது ஒருமுறை, ஆறு வாரத்தில் ஒருமுறை, மூன்று மாதம் முடிந்ததும் ஒருமுறை ரத்தம் கொடுங்கள். இலவசம்தான். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசிக்குத்தில் எச்.ஐ.வி.யைவிட இவைதான் சுலபமாகத் தொற்றும். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டதில்லை என்றால் அன்றே முதல் ஊசியைக் கேளுங்கள்.

இனி எப்போதாவது குத்தினால் விரலைப் பிதுக்காமல், வாயில் வைத்துச் சப்பாமல், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

தனி சிரிஞ்ச், பொது மூடி

உங்கள் தம்பி பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் இதையேதான் சொல்கிறார்கள், நம்பித்தான் சொல்கிறார்கள். அதனால் நான் "ஊசியை மாற்றிப் போட்டீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. "மாத்திரையை எதுல கரைச்சீங்க? தண்ணி யாரோடது? யார் பிரிச்சுக் கொடுத்தது?" என்று கேட்பேன். அப்போதுதான் விஷயம் வெளியே வரும்.

நான்கைந்து பேர் காசு போட்டு ஓர் அட்டை மாத்திரை வாங்குகிறார்கள். அதை நுணுக்கி, தண்ணீர் பாட்டில் மூடியில் போட்டு, ஒரே பாக்கெட் தண்ணீரை ஊற்றிக் கரைக்கிறார்கள். தூள் ஊசியை அடைக்காமல் இருக்க ஒரு துண்டுப் பஞ்சையோ சிகரெட் ஃபில்டரையோ அந்த மூடியில் போட்டு, அதன் வழியாக ஆளுக்கு ஆள் உறிஞ்சுகிறார்கள். முதல் சுற்றில் எல்லாருடையதும் புது சிரிஞ்சாகவே இருக்கட்டும். இரண்டாவது சுற்றுக்கு, ஏற்கெனவே நரம்பில் இறங்கிவந்த அதே ஊசியை அதே மூடியில்தான் விடுகிறார்கள். அல்லது ஒருவர் மொத்தத்தையும் தன் சிரிஞ்சில் இழுத்து, கோடு பார்த்து மற்றவர்கள் சிரிஞ்சில் பிரித்து ஊற்றுகிறார். யாரும் யாருடைய சிரிஞ்சையும் கையால் தொடவில்லை. ஆனால் ஒருவர் ரத்தம் மூடியிலும் பஞ்சிலும் தண்ணீரிலும் இறங்கி அடுத்தவர் உடம்புக்குள் போய்விட்டது. கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம் போதும். ஊசிக்குள் தங்கிய துளியில் இந்த வைரஸ் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். வெந்நீரில் அலசினால் போய்விடும் என்பதும் சரியில்லை.

இன்னொன்று, இந்த மாத்திரையின் வேகம் நான்கைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் மூக்கு ஒழுகும், உடம்பு முறுக்கி வலிக்கும், வயிறு கலக்கும், படுக்கவும் முடியாது உட்காரவும் முடியாது. அதனால் ஒரு நாளைக்குப் பலமுறை ஊசி தேவைப்படுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு மெடிக்கல் ஷாப் மூடியிருக்கிறது, உடம்பு இப்படி முறுக்குகிறது, நான்கு பேருக்கு ஒரே ஒரு சிரிஞ்ச்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் பகலில் செய்த சத்தியம் நிற்காது. அதை ஒழுக்கக் கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிலையில் உடம்புதான் முடிவெடுக்கும்.

பெண் சகவாசம் இல்லையே என்கிறீர்கள். தமிழ்நாட்டில் நம் தலைமுறைக்கு எச்.ஐ.வி. என்றாலே நினைவுக்கு வருவது சுவரெங்கும் பார்த்த புள்ளிராஜா எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரங்கள்தான். அவை நல்ல வேலை செய்தன, மறுக்கவில்லை. ஆனால் இந்த நோய் உடலுறவில் மட்டும்தான் வரும் என்ற எண்ணமும் கூடவே தங்கிவிட்டது. ரத்தத்தோடு ரத்தம் கலப்பது இதைவிட நேரான வழி. மணிப்பூரில் 1989-இல் ஊசி போடுபவர்களிடம் ஏறக்குறைய இல்லாமலிருந்த தொற்று, அடுத்த ஆண்டுக்குள் பாதிப் பேருக்குப் பரவியது. இன்று இந்தியாவில் பெரியவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 விழுக்காடு. ஊசிவழியாகப் போதைப்பொருள் எடுப்பவர்களிடம், 2021-இல் அரசு எடுத்த கணக்கில் அது 9 விழுக்காடு. ஒரு செட்டுக்குள் ஒருவருக்கு வந்துவிட்டால் மற்றவர்களுக்குப் பரவ அதிக நாள் ஆகாது. அதனால்தான் உங்கள் தம்பி விஷயத்தில் அவசரம் காட்டுகிறேன்.

நீங்கள் குப்பையில் போட்ட சிரிஞ்சுகள்

கோபமும் பயமும் சேர்ந்த நேரத்தில் எந்த அக்காவும் அதைத்தான் செய்திருப்பார். ஆனாலும் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: அந்தக் கட்டில் இருந்தவை பிரிக்காத புது சிரிஞ்சுகள். உங்கள் தம்பிக்கும் அந்தத் தொற்றுக்கும் நடுவில் நின்றவை அவைதான். அவற்றைத் தூக்கிப் போட்டதால் அன்று அவர் ஊசி போடாமல் இருந்திருக்க மாட்டார், இன்னொருவருடையதை வாங்கிப் போட்டிருக்கக் கூடும். அன்றிரவு இரண்டு மணிக்குத்தான் வீடு திரும்பினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

புது சிரிஞ்சைக் கண்டும் காணாமல் விடுவது போதையை ஆதரிப்பது ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. போதையை நிறுத்துவது ஒரு வேலை, நிறுத்தும்வரை தொற்று இல்லாமல் உயிரோடு வைத்திருப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். இரண்டாவது வேலையை இன்றைக்கே தொடங்க வேண்டும், அது முதலாவதுக்காகக் காத்திருக்க முடியாது. இந்திய அரசே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், தொண்டு நிறுவனங்கள் வழியாக, ஊசி போடுபவர்களுக்குப் புது ஊசி கொடுத்துப் பழைய ஊசியைத் திரும்ப வாங்குகிறது. சென்னையிலும் அந்தக் களப்பணி நடக்கிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், தொற்றைத் தடுப்பதற்காக இப்படிப் புது ஊசி கொடுப்பதும் பெறுவதும் குற்றம் ஆகாது என்று எழுதியே வைத்திருக்கிறது. எந்த இடத்தில் கிடைக்கும் என்பதை 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

உங்கள் தம்பியிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நீ இதை விடணும்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா விடுற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் புது ஊசி, உன் தண்ணி, உன் மூடி, உன் பஞ்சு. எதையும் யாருக்கும் கொடுக்காதே, யார்கிட்டயும் வாங்காதே." ஓர் அக்கா வாயிலிருந்து இது வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பயன்படுத்திய ஊசிகளைத் தெருத் தொட்டியில் போடாதீர்கள். நாளைக் காலை அதில் கைவிடப் போவது ஒரு தூய்மைப் பணியாளர். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, களப்பணியாளரிடமோ ஆஸ்பத்திரியிலோ கொடுக்கச் சொல்லுங்கள். ஊசிக்கு மேல்மூடி போட முயல வேண்டாம், பல நேரம் அப்போதுதான் குத்துகிறது.

நெகட்டிவ் என்றால் என்ன அர்த்தம்?

அந்த லேப் ரிப்போர்ட் பொய் இல்லை. ஆனால் அது பழைய நிலவரம். தொற்று உடம்பில் நுழைந்து, சோதனையில் தெரியும் அளவுக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். பாதுகாப்பாகக் கணக்கிட்டால் மூன்று மாதம். ஆக, அந்த ரிப்போர்ட் சொல்வது சுமார் மூன்று மாதத்துக்கு முன்புவரை தொற்று ஏற்படவில்லை என்பதை மட்டும்தான். சோதனைக்குப் பிறகும் அவர் ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எனவே மூன்று மாதத்தில் மறுபடி, அப்புறம் இந்தப் பழக்கம் இருக்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சோதனை தேவை.

அதை அவருக்குத் தெரியாமல் செய்யலாமா? கூடாது. 22 வயதுக்காரருக்கு அவர் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்வது நான் சொன்ன அதே சட்டப்படி தவறு, உங்களுக்காக எந்த நல்ல லேப்பும் அதைச் செய்யக் கூடாது. சட்டத்தை விடுங்கள். பாசிட்டிவ் என்று வந்தால் என்ன செய்வீர்கள்? சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்ன நிமிடத்தில் உங்கள் மீது அவருக்கு இருக்கும் நம்பிக்கை போய்விடும். அதற்குப் பிறகு தினமும் மாத்திரை சாப்பிடு என்று யார் சொல்வது?

இதைவிடச் சுலபமான வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்களுக்கே சோதனை தேவைப்படுகிறது. "ஊசி குத்திடுச்சுடா, டெஸ்ட் எடுக்கணும், துணைக்கு வா" என்று கூப்பிடுங்கள். குற்றம் சாட்டாமல், அழாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வந்தால் அங்கே இருக்கும் ஆலோசகர் அவரிடம் தனியாகப் பேசுவார். சோதனைக்கு முன்னும் பின்னும் பேசுவதுதான் அவர்களின் வேலை. முதல் நாளே அவரும் ரத்தம் கொடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். இடம் தெரிந்தாலே போதும், பலர் இரண்டாவது முறை தாங்களாகவே வருகிறார்கள்.

பாசிட்டிவ் என்று வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்தக் காலம் போய்விட்டது. எச்.ஐ.வி. உறுதியான யாருக்கும், எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருந்தாலும், உடனே கூட்டு மருந்து தொடங்க வேண்டும் என்பது 2017 முதல் நம் நாட்டு விதி. பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை, இந்தக் கூட்டு மருந்தைக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம். விடாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. ஊசி பகிர்வதற்கு அதே உத்தரவாதத்தை நான் கொடுக்க மாட்டேன், அங்கே புது ஊசிதான் பாதுகாப்பு. ஊசி போடுபவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள் என்று சில மருத்துவர்களே ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். போதைக்கான சிகிச்சையும் கூடவே கிடைத்தால் அவர்கள் மற்றவர்களைப் போலவே சாப்பிடுகிறார்கள்.

ஹெபடைட்டிஸ் சி பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊசி பகிர்வதில் எச்.ஐ.வி.யைவிட வேகமாகப் பரவுவது இதுதான். பல வருடம் சத்தமே இல்லாமல் இருந்து கல்லீரலைக் கெடுக்கும். இதற்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் முழுமையாகக் குணமாக்கும் மாத்திரை உண்டு. பெரும்பாலும் 12 வாரம்தான், சாப்பிடுபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் குணமாகிறது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு இதை இலவசமாகக் கொடுக்கிறது. தம்பி சோதனைக்கு வரும்போது இதையும் கேட்டு வாங்குங்கள்.

ராத்திரி வண்டி அனுப்பும் மையம்

மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அனுப்பாதீர்கள். போதைப் பழக்கமும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அந்த மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒருவர் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கு மருத்துவர்கள் நேரில் பரிசோதிக்க வேண்டும், காலவரம்பு உண்டு, கேள்வி கேட்கும் அமைப்பு உண்டு. சங்கிலி போடுவது முற்றிலும் தடை. ஆள் அனுப்பித் தூக்கிப் போகும் இடத்தில் இதில் எது நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? பதிவு எண் என்ன, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருவார், குடும்பம் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமா என்று மூன்று கேள்வி போனில் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் பெரிய ஆபத்து அங்கிருந்து திரும்பும் நாளில் இருக்கிறது. ஆறு மாதம் மாத்திரை இல்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்ததும் ஒரே ஒருமுறை என்று பழைய அளவையே ஏற்றிக்கொண்டு, மூச்சு நின்றுபோன பையன்கள் இருக்கிறார்கள். வீட்டில் எல்லாரும் திருந்திவிட்டான் என்று நிம்மதியாக இருக்கும் வாரத்தில்தான் இது நடக்கிறது.

உங்கள் தம்பிக்கு நான் முதலில் யோசிப்பது மாற்று மருந்து சிகிச்சை. புப்ரினார்பின் என்ற மாத்திரையை இந்தச் சிகிச்சை கொடுக்கும் மையத்தில் செவிலியர் முன்னிலையில் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு முறுக்குவது அடங்கும், ஊசிக்கான ஏக்கம் குறையும், தலை தெளிவாக இருக்கும், வேலைக்குப் போகலாம். ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அப்படியில்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுவதுபோலத்தான் இதுவும்: அளவு தெரிந்த, சுத்தமான, மருத்துவர் கண்காணிக்கும் மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. அவருக்குப் பொருந்துமா, எந்த அளவு என்பதை நேரில் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். இதில் கஷ்டம் ஒன்று உண்டு, தொடக்கத்தில் தினமும் மையத்துக்கு வர வேண்டும். டெலிவரி நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவரிடம் பேசுங்கள். இரண்டு மாதத்தில் தேறிவிட்டார் என்று நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

போலீஸ் பயம்

சிகிச்சை கேட்டு வருபவரைப் பிடித்துக்கொடுப்பது மருத்துவரின் வேலை இல்லை. அவர் சொல்வதை ரகசியமாக வைப்பதுதான் எங்கள் கடமை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய ஒருவர், தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

ஆனால் செட்டுக்காக மாத்திரை வாங்கிவந்து பிரித்துக் கொடுப்பது உங்கள் தம்பிதான் என்றால் கதை வேறு. அவர் அதை விற்பனையாக நினைக்க மாட்டார், சட்டம் நினைக்கும். மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

மாமா பெண்

இதில் என்னால் இரண்டு பக்கமும் பேச முடியாது. இந்தக் கல்யாணம் வேண்டாம். இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு, அதைச் சொல்லாமல் ஒரு பெண்ணைக் கட்டிவைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். சொந்தத் தாய்மாமன் மகள் என்பதால் அது குறைந்துவிடாது. தம்பிக்குத் தொற்று இருந்து, தெரியாமல் போனால், முதலில் பாதிக்கப்படுவது அவள், அப்புறம் குழந்தை. கல்யாணம் போதையைக் குணப்படுத்தி நான் பார்த்ததில்லை. கடனும் சண்டையும்தான் கூடும். "ரெண்டு வருஷம் போகட்டும்மா, முதல்ல உடம்பு சரியாகட்டும்" என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பேச்சு அதையும் மீறி நிச்சயம்வரை போனால், தம்பியே மாமாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு அவரைத் தயார் செய்ய ஆலோசகர் உதவுவார்.

தட்டும் டம்ளரும் தனியாக வேண்டவே வேண்டாம். ஒன்றாகச் சாப்பிடுவதாலோ ஒரே கழிப்பறையாலோ ஒரே பாயில் படுப்பதாலோ கொசுவாலோ எச்.ஐ.வி. வராது. தனியாக வைக்க வேண்டியவை பிளேடும் டூத் பிரஷும் மட்டும்தான், அதுவும் முக்கியமாக ஹெபடைட்டிஸுக்காக. அந்த நண்பனைப் பற்றி அவன் அம்மா உங்களை நம்பிச் சொன்னதையும் வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். தெருவுக்குத் தெரிந்தால் அவன் சிகிச்சைக்குப் போவது நிற்கும், செட்டில் மற்றவர்களும் சோதனைக்குப் பயந்து ஒதுங்குவார்கள்.

இன்றிரவே தெரிந்திருக்க வேண்டியது

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நாள் ஆகும். இதற்கு ஆகாது. மாத்திரையோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேரும் இரவுகளில் மூச்சு அடங்கிப்போக வாய்ப்பு அதிகம். தட்டியும் உலுக்கியும் எழுப்ப முடியாமல், உதடும் நகமும் நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, மூச்சு விட்டுவிட்டு அல்லது கரகரவென்ற குறட்டையாக வந்தால், அது தூக்கம் இல்லை. "தூங்கட்டும், தெளிஞ்சிடும்" என்று விட்டுவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சே இல்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து நொடிக்கு ஒருமுறை வாய்வழியாக ஊதுங்கள். ஆம்புலன்சில் வருபவர்களிடம் என்ன மாத்திரை, ஊசியாகப் போட்டது என்று மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் நலாக்ஸோன் என்ற முறிமருந்து மருத்துவமனையில் இருக்கிறது, ஆனால் காரணம் தெரிந்தால்தான் உடனே கொடுப்பார்கள்.

இதை அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்து, 108, 1097 இரண்டையும் அவர் போனில் பதிந்து வையுங்கள். மதியத்துக்கு மேல் நீங்கள் கடையில் இருக்கும்போது வீட்டில் இருப்பவர் அவர்தான்.